கொடியில் காய்ந்த ஓவியங்கள்!

குட்டீஸ்... உங்கள் தெருவில் தையல் கடை இருக்கிறதா? அடுத்த முறை சட்டைக்கு அளவு கொடுக்கப் போகும்போது, டெய்லர் மாமாவின் மெஷினுக்குக் கீழே கொஞ்சம் குனிந்து பாருங்கள். சிவப்பு, பச்சை, ஊதா, கட்டம் போட்டது, பூப்போட்டது என்று வெட்டுத்துணிகள் குவிந்து கிடக்கும். ஒரு சாண் நீளப் பட்டை, உள்ளங்கை அகலச் சதுரம், எந்தக் கணக்கிலும் சேராத ஒரு முக்கோணம்... சாயங்காலம் கடையைக் கூட்டும்போது எல்லாம் மூட்டைக்குள் போய்விடும்.

இப்படிப்பட்ட துண்டுகளையும், முழங்கால் தேய்ந்த பழைய பேண்ட்களையும் சேர்த்துத் தைத்த போர்வைகள் இன்று நியூயார்க் நகரின் புகழ்பெற்ற மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்றால் நம்புவீர்களா? அமெரிக்க அஞ்சல் துறை அந்தப் போர்வைகளின் படம் போட்டு தபால்தலையே வெளியிட்டிருக்கிறது!

தைத்தவர்கள் யாரும் ஓவியப் பள்ளியில் படித்தவர்கள் இல்லை. பருத்திக் காட்டில் வேலை செய்த ஏழைப் பெண்கள். பகலில் மண்வெட்டி பிடித்த கை, இரவில் ஊசி பிடித்தது. அவர்கள் ஊருக்குத்தான் இப்போது போகப் போகிறோம். திரும்பி வரும்போது நாமும் ஒன்று தைத்துவிடுவோம். ஊசி, நூல் எல்லாம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்!

ஆறு வளைத்த ஊர்

அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் அலபாமா என்று ஒரு மாநிலம். அங்கே ஓடும் ஆற்றுக்கும் அலபாமா என்றுதான் பெயர். அந்த ஆறு, வில்காக்ஸ் மாவட்டத்தில் ஓரிடத்தில் குதிரை லாடம் போல வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்குள் மாட்டிக்கொண்ட ஊர்தான் ஜீஸ் பெண்ட். மூன்று பக்கமும் தண்ணீர். ஒரே ஒரு பக்கம்தான் தரை.

ஜோசப் ஜீ என்ற பண்ணையார் 1816-ம் ஆண்டு இங்கே வந்து பருத்தித் தோட்டம் போட்டார். 'ஜீயின் வளைவு' என்பதுதான் ஜீஸ் பெண்ட் என்பதன் பொருள். தோட்டத்தில் வேலை செய்ய ஆப்பிரிக்க வம்சாவளி மக்களை அடிமைகளாகக் கொண்டு வந்தார். அடிமை என்றால் சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, பிடிக்கவில்லை என்று வேறு ஊருக்குப் போகவும் முடியாது. ஆடு மாடுகளைப் போல மனிதர்களையே விற்றார்கள், வாங்கினார்கள்.

1845-ம் ஆண்டு இந்தத் தோட்டம் மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. இன்றும் அந்த ஊரில் பலருக்குப் பெயரின் கடைசியில் 'பெட்வே' என்று வரும். அவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் இல்லை. தங்கள் முன்னோரை அடிமையாக வைத்திருந்தவரின் பெயரே ஊர் முழுக்க ஒட்டிக் கொண்டுவிட்டது!

1865-ம் ஆண்டு அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. ஆனால், விடுதலை பெற்றவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம்கூட இல்லை. அதே மண்ணில், அதே பருத்தியை, இப்போது குத்தகைக்குப் பயிரிட்டார்கள். விதையும் உரமும் கடனுக்கு வாங்கி, அறுவடையில் கடனை அடைப்பார்கள். மீதி இருந்தால் சாப்பாடு. இல்லாவிட்டால் மறுபடியும் கடன்.

சுவரில் காற்று, மேலே போர்வை

ஜீஸ் பெண்ட் மக்களின் வீடுகள் மரத்தால் ஆன குடிசைகள். மரங்களுக்கு இடையே இடுக்கு இருக்கும். குளிர்காலத்தில் அந்த இடுக்கு வழியாகக் காற்று 'விர்ர்'ரென்று உள்ளே வரும். அதை அடைக்கப் பழைய செய்தித்தாள்களையும் பத்திரிகைத் தாள்களையும் சுவர் முழுக்க ஒட்டினார்கள். அப்படியும் குளிர் போகாது. அப்போது காப்பாற்றியது போர்வைதான். ஒன்று போதாது, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல.

இத்தனை போர்வைகளைக் கடையில் வாங்க முடியுமா? காசு ஏது! தாங்களே தைத்தார்கள். இந்த மாதிரிப் போர்வையை அமெரிக்காவில் 'குவில்ட்' என்பார்கள். நம் சாதாரணப் போர்வைக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. குவில்ட் என்பது இட்லித் தட்டு மாதிரி, அடுக்கடுக்காக இருக்கும். மொத்தம் மூன்று அடுக்கு.

மேலடுக்கு: வண்ணத் துணித் துண்டுகளை ஒன்றோடு ஒன்று இணைத்துத் தைத்தது. பார்க்க அழகாக இருப்பது இதுதான்.

நடு அடுக்கு: பஞ்சு. கதகதப்பு தருவது இதுதான். பருத்தியைப் பிரிக்கும் ஆலையில் தரையில் சிந்திக் கிடக்கும் பஞ்சைக் கூட்டி எடுத்து வந்து, கம்பால் அடித்துச் சுத்தம் செய்து பரப்புவார்கள்.

அடி அடுக்கு: முரட்டுத் துணி. மாவு மூட்டை, உர மூட்டையின் சாக்குத் துணியைத் துவைத்துப் பயன்படுத்தினார்கள்.

மூன்றையும் அடுக்கி, மேலிருந்து கீழாக ஊசி ஏற்றி இறக்கி வரிசை வரிசையாகத் தையல் ஓட்டினால் பஞ்சு நகராது. இந்தக் கடைசி வேலைக்குத்தான் 'குவில்டிங்' என்று பெயர்.

பஞ்சு எப்படிக் கதகதப்பு தருகிறது? பஞ்சு சூடு உண்டாக்குவதில்லை. அதன் இழைகளுக்கு இடையில் காற்று சிறைப்பட்டுக் கிடக்கிறது. அசையாத காற்று, வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் நம் உடம்புச் சூடு வெளியே ஓடாமல் நம்மிடமே தங்கிவிடுகிறது. அவ்வளவுதான் ரகசியம்!

மேலடுக்கை ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டில் தனியாகத் தைப்பார். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பது அவரவர் விருப்பம். பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடி, மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே தையல் ஓட்டுவார்கள். சிறு பிள்ளைகளுக்கும் அங்கேதான் தையல் பாடம்.

எல்லாம் போன ஆண்டு

1932-ம் ஆண்டை ஜீஸ் பெண்ட் மக்கள் மறக்கவே இல்லை. பருத்தி விலை படுத்துவிட்ட காலம் அது. இவர்களுக்குக் கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்து போனார். அவரது குடும்பத்தார் கடனை உடனே வசூலிக்க ஆள் அனுப்பினார்கள்.

வந்தவர்கள் சுமார் 60 குடும்பங்களின் வீடுகளில் புகுந்து கோவேறு கழுதை, மாடு, கோழி, கலப்பை, வண்டி, சேமித்து வைத்திருந்த சோளம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். எதிரே குளிர்காலம். வீட்டில் உணவு இல்லை. காட்டில் கிடைத்ததைத் தின்றும், செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவை வைத்தும்தான் ஊர் உயிர் பிழைத்தது.

பின்னர், 1937-ம் ஆண்டு அமெரிக்க அரசு அந்த நிலத்தை வாங்கியது. புது வீடுகள் கட்டி, குறைந்த வட்டியில் கடன் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தையும் வீட்டையும் மக்களுக்கே சொந்தமாக்கியது. இந்தச் 'சொந்த வீடு' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கதையில் இதற்கு முக்கியமான இடம் உண்டு.

அப்பாவின் பேண்ட்

1942-ம் ஆண்டு. மிசௌரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துவிட்டார். அவர் வயலுக்குப் போட்டுக்கொண்டு போன பேண்ட்கள், சட்டைகள் எல்லாம் வீட்டில் இருந்தன. வெயிலில் வெளுத்து, முழங்காலில் தேய்ந்து போன துணிகள்.

அவர் அவற்றைத் தூக்கிப் போடவில்லை. யாருக்கும் கொடுக்கவும் இல்லை. மகள் அர்லோன்சியாவைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக அந்த உடுப்புகளைப் பட்டைகளாகவும் சதுரங்களாகவும் கிழித்து, ஒரே போர்வையாகத் தைத்தார்கள். கணவரை நினைத்துக்கொண்டு அதைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் ஆசை. பல ஆண்டுகள் கழித்து மகளே சொன்ன செய்தி இது.

ஜீஸ் பெண்டின் இப்படிப்பட்ட 'உழைப்பு உடுப்பு' போர்வைகளை உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். வெளுத்த நீலத் துணியின் நடுவே, அங்கங்கே ஒரு சதுரம் மட்டும் அழுத்தமான நீலமாக இருக்கும். என்ன அது? பாக்கெட் இருந்த இடம்! பாக்கெட் மூடியிருந்ததால் அந்த இடம் மட்டும் வெயில் படாமல், வெளுக்காமல் தப்பித்திருக்கிறது. ஒரு மனிதர் எத்தனை ஆண்டு வெயிலில் நின்று உழைத்தார் என்பதை அந்தச் சின்னச் சதுரம் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

படகு நின்றது

இப்போது 1960-களுக்கு வருவோம். அடிமை முறை ஒழிந்து 100 ஆண்டு ஆகப் போகிறது. ஆனாலும் அலபாமாவில் கறுப்பின மக்கள் ஓட்டுப் போடுவது குதிரைக் கொம்பாக இருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனால் கடினமான பரீட்சை வைப்பார்கள். ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். வில்காக்ஸ் மாவட்டத்தில் கறுப்பின மக்கள்தான் அதிகம். அப்படியிருந்தும் 1965-ம் ஆண்டின் தொடக்கத்தில், அந்த மாவட்டத்தின் வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர் பெயர்கூட இல்லை!

பெயர் பதிவு செய்யும் அலுவலகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேம்டன் என்ற ஊரில் இருந்தது. ஜீஸ் பெண்டிலிருந்து படகில் ஏறினால் அக்கரைக்குப் போய்விடலாம். மக்கள் ஓட்டுரிமை கேட்டுக் கிளம்பத் தொடங்கிய நேரத்தில், 1962-ம் ஆண்டு, அந்தப் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள்.

எதிரே தெரிகிற கரைக்குப் போக, இனி ஆற்றைச் சுற்றிக்கொண்டு 60 கிலோமீட்டருக்கும் மேல் சாலையில் போக வேண்டும். கார் வைத்திருந்தவர்களோ மிகச் சிலர். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதே வழிதான். ஓட்டுக் கேட்டதற்காக ஊரையே தீவாக்கிவிட்டார்கள்!

அதற்காக மக்கள் அடங்கிப் போகவில்லை. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்டுக்கே வந்து, அங்குள்ள தேவாலயத்தில் பேசினார். அந்த ஊர் மக்கள் துணிந்து பெயர் பதிவு செய்யப் போனார்கள். அந்த வட்டாரத்தில் இப்படிப் போன பல குத்தகைக் குடும்பங்களை நிலச் சொந்தக்காரர்கள் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். ஜீஸ் பெண்டில் பலரை அப்படி வெளியேற்ற முடியவில்லை. ஏன் தெரியுமா? ஞாபகம் வைக்கச் சொன்னேனே... அவர்கள் இருந்தது சொந்த வீடு!

1965 ஆகஸ்ட் 6-ம் தேதி அமெரிக்காவில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. நிறத்தைக் காரணம் காட்டி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்றாயிற்று.

கொடியில் ஒரு காட்சி

அதே ஆண்டு டிசம்பர் மாதம். பிரான்சிஸ் எக்ஸ். வால்டர் என்ற பாதிரியார் வில்காக்ஸ் மாவட்டத்தில் காரில் போய்க்கொண்டிருந்தார். ஒரு குடிசைக்கு வெளியே, துணி காயப் போடும் கொடியில் சில போர்வைகள் தொங்கின. பளிச்சென்ற நிறங்கள். யாரும் எதிர்பாராத கோலங்கள். அவர் அசந்து போனார்.

அந்தக் காலத்தில் இத்தகைய போர்வையை விற்றால் சுமார் 5 டாலர்தான் கிடைக்கும். வால்டர் ஒரு போர்வைக்கு 10 டாலர் கொடுத்து நிறைய வாங்கி, நியூயார்க்குக்கு அனுப்பி ஏலத்தில் விற்க ஏற்பாடு செய்தார். லாபத்தைத் தைத்தவர்களுக்கே திருப்பித் தருவது என்று பேச்சு.

1966 மார்ச்சில் அந்த வட்டாரப் பெண்கள் ஒன்றுகூடி ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பெயர், 'ஃப்ரீடம் குவில்டிங் பீ'. பெண்கள் கூடி உட்கார்ந்து போர்வை தைப்பதற்கு அந்த நாட்டில் 'பீ' என்று பெயர். அதோடு விடுதலை என்ற சொல்லையும் சேர்த்துக் கொண்டார்கள். நியூயார்க்கின் பெரிய கடைகளில் இவர்கள் போர்வை விலைக்கு வந்தது. பருத்திக் காட்டைத் தவிர வேறு வேலை அறியாத பெண்கள், முதல் முறையாகத் தங்கள் கையால் சம்பாதித்த காசில் பிள்ளைகளுக்கு வேண்டியதை வாங்கினார்கள். ஓட்டுக்காக வீட்டை இழந்த சில குடும்பங்களுக்கு வீடு கட்டிக்கொள்ள, சங்கமே தன் நிலத்தில் மனை கொடுத்தது.

மீந்துபோன பட்டைகள்

1972-ம் ஆண்டு சியர்ஸ் என்ற பெரிய விற்பனை நிறுவனம் தலையணை உறை தைத்துத் தரச் சொல்லி சங்கத்துக்கு வேலை கொடுத்தது. துணி, கார்டுராய். தொட்டால் வரி வரியாக இருக்குமே, தடியான அந்தத் துணிதான். தங்க மஞ்சள், பச்சை, பழுப்பு, சிவப்பு என்று மூட்டை மூட்டையாக வந்தது.

வேலை முடிந்ததும் வெட்டிய மிச்சம் நிறைய மீந்தது. பெரும்பாலும் நீளப் பட்டைகள். அவற்றை வீணாக்குவார்களா நம் ஜீஸ் பெண்ட் பெண்கள்? வீட்டுக்கு எடுத்துப் போய்ப் போர்வை தைத்தார்கள். கார்டுராய் விறைப்பான துணி. வளைவாக வெட்டி, பூ, இலை என்று தைக்க வளைந்து கொடுக்காது. ஆகவே பட்டைக்குப் பக்கத்தில் பட்டை, சதுரத்தைச் சுற்றிப் பட்டை என்று நேர்க்கோடுகளாலேயே தைத்தார்கள். துணி 'முடியாது' என்று சொன்னதையே அழகாக மாற்றிவிட்டார்கள்!

அவர்கள் கோலங்களுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள் என்றால் அது 'வீட்டுக் கூரை'. செங்கல் அடுக்கியது போல இருந்தால் 'கொத்தனார்'. நீளப் பட்டைகளை வரிசையாக வைத்து, சுலபமாகத் தைத்து முடித்துவிட்டால்... 'சோம்பேறிப் பெண்'!

தரையிலிருந்து சுவருக்கு

2002-ம் ஆண்டு ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகளின் கண்காட்சி நடந்தது. பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குப் போனது. மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பெரிய பெரிய ஓவியர்கள் யோசித்து யோசித்து வரைந்த நவீன ஓவியங்களைப் போலவே இவை இருக்கின்றனவே என்று கலை விமர்சகர்கள் வியந்தார்கள்.

2006-ம் ஆண்டு 10 போர்வைகளின் படங்களோடு தபால்தலைகள் வந்தன. அதே 2006-ல் இன்னொரு நல்ல செய்தி. நிறுத்தப்பட்ட படகு, 44 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் ஆற்றில் இறங்கியது! 2019 முதல் அது மின்சாரத்தில் ஓடுகிறது.

2015-ம் ஆண்டு மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே என்ற மூன்று பெண்களுக்கு, பாரம்பரியக் கலைஞர்களுக்கு அமெரிக்க அரசு தரும் தேசிய விருது கிடைத்தது. ஃப்ரீடம் குவில்டிங் பீ 2012-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால், ஊரில் ஊசி நிற்கவில்லை. 2022 அக்டோபரில் ஜீஸ் பெண்டில் போர்வைத் திருவிழா தொடங்கினார்கள். வீடுகளின் முன்னே கொடி கட்டி, பழைய போர்வை, புதுப் போர்வை எல்லாவற்றையும் காற்றில் தொங்க விட்டார்கள். பாதிரியார் வால்டர் அன்றைக்குக் கொடியில் பார்த்தாரே, அதே காட்சிதான். இப்போது அதைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

நீங்களும் தைக்கலாம்!

கதை கேட்டாயிற்று. இப்போது கைக்கு வேலை. 'வீட்டுக் கூரை' கோலத்தில் ஒரு சின்ன விரிப்பு தைப்போமா? நாற்காலியில் போட்டு உட்காரலாம், பூனைக்குட்டிக்கு மெத்தையாக்கலாம்.

வெளிநாட்டுக் கடைகளில் இதற்கென்றே வெட்டி வைத்த துணி கிடைக்கும். 2½ அங்குல அகலப் பட்டைகளைச் சுருட்டி, கேக் மாதிரி கட்டி விற்பார்கள். அதற்கு 'ஜெல்லி ரோல்' என்று பெயர்! 5 அங்குலச் சதுரங்களும் அடுக்காகக் கிடைக்கும். நமக்கு அதெல்லாம் வேண்டாம். டெய்லர் மாமாவிடம் கேட்டால் வெட்டுத்துணி தருவார். உங்கள் சின்ன வயது கவுன், அப்பாவின் பழைய சட்டை இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒன்று... அம்மாவிடம் கேட்காமல் பீரோவைத் திறந்து பட்டுப் புடவையில் கத்தரிக்கோலை வைத்துவிடாதீர்கள். பிறகு நான் பொறுப்பில்லை!

தேவையானவை: பருத்தித் துணிகள், பழைய துண்டு ஒன்று (பஞ்சுக்குப் பதில்), ஊசி, நூல், குண்டூசி, ஸ்கேல், பென்சில், கத்தரிக்கோல். சின்னப் பிள்ளைகள் வெட்டும் வேலைக்குப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

1. புதுத் துணி இருந்தால் முதலில் துவைத்துக் காய வையுங்கள். சில துணி சுருங்கும், சில துணி சாயம் போகும். தைத்த பிறகு சுருங்கினால் எல்லாம் கோணல்தான்.

2. தைக்கும் முன்பே எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். நடுவுக்கு 8 செ.மீ. சதுரம் ஒன்று. பிறகு 5 செ.மீ. அகலத்தில் பட்டைகள். அவற்றின் நீளம்: 8 செ.மீ.-ல் 2; 14 செ.மீ.-ல் 4, 20 செ.மீ.-ல் 4, 26 செ.மீ.-ல் 2. மொத்தம் 12 பட்டைகள்.

3. தரையில் பரப்பி, நிறங்களை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். அழுத்தமான நிறத்துக்குப் பக்கத்தில் வெளிர் நிறம் வந்தால் கூரை எடுப்பாகத் தெரியும். எது அழகு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஜீஸ் பெண்டில் அதுதான் வழக்கம்.

4. சதுரத்தின் மேல் 8 செ.மீ. பட்டையை, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒட்டியிருக்கும்படி வையுங்கள். ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே பென்சிலால் கோடு போட்டு, அதன் மேல் சின்னச் சின்னதாக ஓட்டுத் தையல் போடுங்கள். நான்கைந்து தையலுக்கு ஒரு முறை ஊசியைப் பின்னால் கொண்டு வந்து குத்தினால் பிரியாது.

5. பட்டையை விரித்து, நகத்தால் அழுத்தித் தேயுங்கள். எதிர்ப் பக்கத்திலும் இன்னொரு 8 செ.மீ. பட்டை. பிறகு மற்ற இரண்டு பக்கங்களில் 14 செ.மீ. பட்டைகள். முதல் சுற்று முடிந்தது! இரண்டாம் சுற்றுக்கு 14-ம் 20-ம். மூன்றாம் சுற்றுக்கு 20-ம் 26-ம்.

6. இப்போது 26 செ.மீ. சதுரமாக மேலடுக்கு தயார். அதே அளவில் அடித்துணி ஒன்றும், பழைய துண்டில் ஒன்றும் வெட்டுங்கள். துண்டைக் கீழே விரியுங்கள். அதன் மேல் அடித்துணியை, நல்ல பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். அதன் மேல் வண்ணத் துணியை, நல்ல பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போடுங்கள். குண்டூசி குத்தி, ஓரத்திலிருந்து 1 செ.மீ. விட்டுச் சுற்றிலும் தையுங்கள். உங்கள் கை நுழையும் அளவுக்கு மட்டும் ஓரிடத்தில் தைக்காமல் விடுங்கள்.

7. குண்டூசிகளை எடுத்துவிட்டு, தலையணை உறையைத் திருப்புவது போல, அந்த ஓட்டை வழியாக உள்ளே இருப்பதை வெளியே திருப்புங்கள். ஆஹா, வண்ணம் வெளியே வந்துவிட்டதா? ஓட்டையை மடித்துத் தைத்து மூடுங்கள். கடைசியாக, பட்டைகளின் ஓரமாகவே மூன்று அடுக்கையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றித் தையல் ஓட்டுங்கள். இதுதான் குவில்டிங்!

தைத்து முடித்ததும் அளந்து பாருங்கள். சுமார் 24 செ.மீ.தான் இருக்கும். 5 செ.மீ. அகலமாக வெட்டிய பட்டை 3 செ.மீ.தான் தெரியும். மீதி எங்கே போயிற்று? இரண்டு பக்கமும் தையலுக்கு ஒவ்வொரு சென்டிமீட்டர் உள்ளே போய்விட்டது. வெளியே தெரியாத அந்த ஓரம்தான் போர்வையைப் பிரியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மூளைக்கு வேலை: இதற்கு நான்காவது சுற்று போட வேண்டுமானால், எந்த நீளத்தில் எத்தனை பட்டை வேண்டும்? தைத்து முடித்த பிறகு விரிப்பு எத்தனை செ.மீ. இருக்கும்? விடை கடைசியில் இருக்கிறது. அதற்குள் பார்க்கக் கூடாது!

முதல் விரிப்பு கொஞ்சம் கோணலாகத்தான் வரும். ஒரு மூலை இழுத்துக்கொண்டு நிற்கும். கவலைப்படாதீர்கள். அருங்காட்சியகத்தில் இருக்கிற ஜீஸ் பெண்ட் போர்வைகளிலும் கோடுகள் ஸ்கேல் வைத்தது போல நேராக இருக்காது. ஒரு பட்டை போதாமல் போனால் பாதியில் வேறு நிறம் புகுந்திருக்கும். கையில் இருந்த துணி அவ்வளவுதான் என்பதை அது நமக்குச் சொல்கிறது.

தைத்த விரிப்பை ஒரு முறை துவைத்து, மொட்டைமாடிக் கொடியில் காயப் போடுங்கள். தெருவில் போகிற யாராவது நின்று, "இது யார் தைத்தது?" என்று கேட்டால், உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அப்படியே, ஆறு வளைத்த அந்த ஊர்ப் பெண்களின் கதையையும் சொல்லுங்கள்.

விடை: 26 செ.மீ. நீளத்தில் 2, 32 செ.மீ. நீளத்தில் 2, விரிப்பு 30 செ.மீ. இருக்கும்.